பூங்காவில் தினமும் நடந்தும் படபடப்பு அடங்கவில்லை, எங்கே தவறு?

மாலைவெயில் (கேள்வி)

மரங்களுக்கு நடுவே நேரம் செலவழித்தால் நரம்பு மண்டலம் தணியும் என்று படித்துவிட்டு, வேலை முடிந்ததும் பூங்காவில் முக்கால் மணி நேரம் வேகநடை போகிறேன். நன்றாக வியர்க்கிறது, உடம்பும் லேசாகிறது. படபடப்பு மட்டும் குறைந்தபாடில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆன பிறகும் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. நடக்கும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அலுவலக அழைப்புகளையும் அப்போதே பேசி முடித்துவிடுவேன்.

இந்த நேரத்தில் உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? எத்தனை நிமிடம் வேண்டும்? நடப்பது நல்லதா, உட்கார்ந்திருப்பதா? பலன் கிடைக்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே அளக்க வழி உண்டா? "இயற்கையோடு இருங்கள், எல்லாம் சரியாகும்" என்ற அளவில் வேண்டாம். காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாடித்துடிப்பு

நீங்கள் செய்வது நல்ல உடற்பயிற்சி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் நரம்பைத் தணிக்க அது வழியல்ல, குறைந்தபட்சம் அந்த நேரத்தில் அல்ல.

நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் நரம்பு மண்டலத்தில் இரண்டு கிளைகள். பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கிவிடும்: துடிப்பு ஏறும், தசை இறுகும், செரிமானம் ஒத்திவைக்கப்படும். எதிர்ப்பரிவு நரம்புகள் அதை இறக்கி வைக்கும். இந்த இரண்டாவது கிளையின் முக்கியக் கம்பி வேகஸ் நரம்பு. எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால் இதயம் தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 60, 70 என்று நிற்பதற்கு வேகஸ் நரம்பு இடைவிடாமல் போடும் பிரேக்தான் காரணம். வேகநடை தொடங்கியதும் உடம்பு முதலில் செய்வது அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. அதன் பிறகுதான் பரிவு நரம்புகள் முடுக்குகின்றன. ஆக அந்த முக்கால் மணி நேரமும் எது தளர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை முடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அலுவலக அழைப்பு அதன் மேல் இன்னொரு முடுக்கல்.

நேரக்கணக்குக்கு வருவோம். அவசரத்தில் சுரக்கும் அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதனால்தான் அமைதியான இடத்தில் உட்கார்ந்ததும் துடிப்பு சீக்கிரமே இறங்குகிறது. அழுத்தத்தில் சுரக்கும் இன்னொன்றான கார்டிசால் அப்படியல்ல. மூளையிலுள்ள ஹைப்போதாலமஸ் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லி வரும் ஹார்மோன் அது. மனம் அதிர்ந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடையின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு காரசாரமான அழைப்பு வந்திருந்தால், அதன் கார்டிசால் நீங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உச்சத்தில் இருக்கும்.

எத்தனை நிமிடம் என்பதற்கு 2019இல் வந்த ஓர் ஆய்வு நேரடியாகப் பதில் சொல்கிறது. நகரவாசிகள் 36 பேர், 8 வாரம், வாரம் மூன்று முறையாவது குறைந்தது 10 நிமிடம் இயற்கையான இடத்தில் இருந்தார்கள். எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் உச்சத்துக்குப் போய் இரவு வரை கார்டிசால் தானாகவே இறங்கும் என்பதால், அந்த இயல்பான இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். மணிக்கு 21 சதவீதம் என்ற வேகத்தில் கூடுதலாகக் குறைந்தது. செலவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதிகப் பலன் கிடைத்தது 20 முதல் 30 நிமிடத்துக்குள். அதைத் தாண்டினாலும் குறைகிறது, ஆனால் மெதுவாக. அங்கே அவர்களுக்கு விதித்த நிபந்தனைகளைக் கவனியுங்கள்: பகல் வெளிச்சம், கடுமையான உடற்பயிற்சி கூடாது, போன், பேச்சு, வாசிப்பு கூடாது. நீங்கள் அநேகமாக எல்லாவற்றையும் மீறியிருக்கிறீர்கள்.

ஏன் மரம்? ஓய்வு எங்கே எடுத்தால் என்ன? கேட்க வேண்டிய கேள்வி இது. சாலையில் ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் மூளை ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: ஒதுங்கவா, நிற்கவா, கடக்கவா. ஆடும் இலையும் ஓடும் நீரும் கவனத்தை இழுக்கும், ஆனால் பதிலுக்கு எந்த முடிவையும் கேட்காது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989இல் முன்வைத்த கவன மீட்புக் கோட்பாட்டின் மையமே இதுதான். 2022இல் பெர்லினில் 63 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைக் காட்டுக்குள்ளும் மறு பிரிவைக் கடைத்தெருச் சாலையிலும் ஒரு மணி நேரம் நடக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். அச்சத்தையும் அழுத்தத்தையும் கையாளும் அமிக்டலாவின் செயல்பாடு காட்டில் நடந்தவர்களுக்குக் குறைந்தது. சாலையில் நடந்தவர்களுக்கு மாறவில்லை. நடை இரண்டு பக்கமும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

---

பச்சையம்

மேலே காரணம் தெளிவாக வந்துவிட்டது. செய்முறையை நான் சொல்கிறேன்.

முதலில் இடம். பூங்காவுக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. சுற்றுப்பாதை பெரும்பாலும் மதிலை ஒட்டிச் சாலைக்கு அருகிலேயே ஓடும். ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் வேலைக்கு ஆகாது; உள்ளே போங்கள். தலைக்கு மேல் கிளை, முதுகுக்குப் பின்னால் அடிமரமோ புதரோ சுவரோ, முன்னால் கொஞ்ச தூரம் திறந்த பார்வை. இப்படி ஓர் இடத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தால் உடம்பு காவலை விடாது. நீங்கள் கவனிக்காவிட்டாலும் காது கவனித்துக்கொண்டே இருக்கும். அதே காரணத்துக்காக ஆளரவமே இல்லாத மூலையும் வேண்டாம். பயம் இருக்கும் இடத்தில் எத்தனை பச்சை இருந்தும் பலனில்லை. இது பெண்களுக்கு இன்னும் பெரிய விஷயம். நான்கு பேர் கண்ணில் படும் தூரத்தில், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் என்பது சரியான அளவு.

வெயில் உச்சியில் போகாதீர்கள். சூட்டில் தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக ரத்தம் அனுப்ப வேண்டும், அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே துடிப்பு ஏறும். தண்ணீர் குடிக்காமல் போனாலும் அதே கதை. காபி, டீயையும் கணக்கில் எடுங்கள்: உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலை நான்கு மணிக் காபியின் பாதி இரவு ஒன்பதுக்கு உள்ளே இருக்கிறது. உங்கள் தூக்கப் பிரச்சினைக்கு இதுவே ஒரு பங்காக இருக்கலாம்.

இனி அந்த அரை மணி நேரம். போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போடுங்கள். கையிலும் சட்டைப் பையிலும் வேண்டாம். 30 நிமிடத்துக்கு ஓர் அலாரம் மட்டும்; இல்லையென்றால் மணி பார்க்கிற சாக்கில் கை போகும். முதல் ஐந்து நிமிடம் வழக்கமான வேகத்தில் பாதியில் நடங்கள். வாயை மூடி மூக்கால் மட்டும் சுவாசித்தபடி சிரமமில்லாமல் போக முடிகிற வேகம் அது. பிறகு தேர்ந்த இடத்தில் உட்காருங்கள். செருப்பைக் கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் இஷ்டம், அதில் பெரிய ரகசியம் எதுவுமில்லை.

உட்கார்ந்ததும் கண். நாள் முழுக்கத் திரையில் ஒரு சாண் தூரத்தைப் பார்த்த கண்ணின் உள்தசை இறுகியிருக்கும். எட்டியிருப்பதைப் பார்த்தால்தான் அது தளரும். தூரத்து மரத்தின் உச்சியைப் பாருங்கள், அப்படியே பார்வையை ஓரங்களுக்கு விரியவிடுங்கள். எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். அடுத்து காது: கேட்கிற ஒலிகளிலேயே மிகத் தொலைவில் இருப்பது எது என்று தேடுங்கள், பிறகு ஒவ்வொன்றாக அருகே வாருங்கள். பறவை, காற்று, இலைச் சருகு. சாலை இரைச்சலும் அதில் இருக்கும். அதையும் ஓர் ஒலியாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை விடும்போதுதான் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் மெதுவாகிறது; இழுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. அதனால் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். பலரும் "ஆழமாக மூச்சு விடு" என்பதை நெஞ்சு புடைக்க இழுப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்கள் இதை ஏதோ ஆபத்து என்று நினைத்து இன்னும் பதறுவார்கள். மூச்சு மெதுவாக இருக்கட்டும், சின்னதாகவும் இருக்கட்டும். மூன்று நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் எண்ணிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

சிலருக்கு உட்கார்ந்த சில நிமிடங்களில் படபடப்பு கூடுவதுபோல் இருக்கும். இதுவரை ஓட்டத்தில் மறைந்திருந்தது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணை மூடாதீர்கள். எழுந்து பத்து மீட்டர் மெதுவாக நடந்து திரும்ப உட்காருங்கள். அலுவலக நினைப்பு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கண்ணெதிரே உள்ள ஒன்றின் நிறத்தையோ வடிவத்தையோ மனதுக்குள் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மெதுநடை. அலாரம் அடித்ததும் போனை அணைத்துவிட்டு மறுபடி பைக்குள் போடுங்கள். வந்திருக்கிற செய்திகளைத் திறக்க வேண்டாம். வாசலைத் தாண்டுவதற்குள் ஐந்து செய்தி படித்துவிட்டுத்தான் "எனக்குப் பலனே இல்லை" என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

இன்னும் கெடுப்பவை: காலடி எண்ணும் செயலி, பதிவுபோடப் படம் எடுப்பது, வளவளவென்று பேசும் துணை, கொசு. கொசுவைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கடி எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உடம்பு தளரவே தளராது. முழுக்கை சட்டை, கொசு விரட்டி பூசிக்கொள்வது, தேங்கிய நீருக்குத் தள்ளி உட்காருவது. இவை இந்தப் பயிற்சியின் பகுதியே.

---

அளவுகோல்

அளப்பது பற்றி மட்டும்.

ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு, குழப்பும். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள், 60 விநாடி முழுசாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புத் தவறு நான்காகிவிடும். தொடங்கும் முன் ஒன்று, முடித்ததும் ஒன்று, வீட்டுக்கு வந்து 20 நிமிடம் கழித்து ஒன்று. மூன்றும் உட்கார்ந்த நிலையில். பக்கத்திலேயே பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்து போவதில்லை, அந்த வித்தியாசமே ஒரு தகவல்.

ஒரே நாளில் மூன்று நான்கு துடிப்பு குறைந்தது என்று கொண்டாட வேண்டாம். தூக்கம், சாப்பாடு, வெப்பம் எல்லாம் அந்த அளவுக்கு ஆட்டிவைக்கும். இரண்டு வாரச் சராசரியைப் பாருங்கள். முக்கியமான ஒன்று: இடையிடையே சில நாள் அதே நேரத்தில், அதே அரை மணி நேரம், போன் இல்லாமல் வீட்டு அறையில் உட்கார்ந்து அதே மாதிரி எண்ணுங்கள். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மரத்தின் பலன் எது, வெறும் ஓய்வின் பலன் எது என்று பிரிக்கவே முடியாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பிடை வேறுபாட்டு எண்ணை (HRV, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது) பார்ப்பதானால் இரவுத் தூக்கத்தில் பதிவானதைப் பாருங்கள். கை ஆடும் பகல் அளவு நம்பத்தக்கதல்ல.

ஆய்வு எண்களையும் அதன் எல்லையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 24 காடுகளில் 280 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான தொகுப்பு காட்டிலும் நகரத்திலும் மாறி மாறி அளந்தது. காட்டில் கார்டிசாலும் துடிப்பும் குறைவு, வேகஸ் நரம்பின் செயல்பாடு அதிகம். திசை தெளிவாக இருக்கிறது. ஆனால் கலந்துகொண்டவர்கள் இளம் ஆண் மாணவர்கள். வாரம் 120 நிமிடம் இயற்கையான இடத்தில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வது இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019இல் வந்த கணக்கு. அது ஒரு சமயத்தில் கேட்ட கேள்விக்கான பதில், அதனால் ஆரோக்கியமானவர்கள் அதிகம் வெளியே போகிறார்கள் என்ற விளக்கத்துக்கும் அதில் இடமுண்டு. அதில் பயனுள்ள ஒரு செய்தி: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் வேறுபாடு தெரியவில்லை.

கடைசியாக, நீங்கள் சொன்ன அறிகுறிக்காக. நடை முடிந்து வெகுநேரம் கழித்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஓய்வில் துடிப்பு 100க்கு மேல், காரணமில்லாமல் எடை குறைவது, கை நடுக்கம், சூடு தாங்காமை இருந்தால் தைராய்டு மிகையாக இருக்கலாம். ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தப் பரிசோதனை, ஓர் ஈசிஜி, இவ்வளவில் பெரும்பகுதி தெளிவாகிவிடும். துடிப்பு தாறுமாறாக விழுந்தாலோ மயக்கம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்; நெஞ்சுவலி என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி எண்ணிக்கை இந்த அளவீட்டுக்கு உதவாது, மருந்தே அதைப் பிடித்து வைத்திருக்கும்.

---

மாலைவெயில்

மூவருக்கும் மிக்க நன்றி. பரிசோதனைகளுக்கு ஏற்பாடு செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். வேகநடையை விட்டுவிட வேண்டுமா? அடுத்தது, அம்மா படுக்கையில் இருக்கிறார், வெளியே அழைத்துப் போக முடியாது. அவர் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவருக்கும் இரவில் பதற்றம் உண்டு. ஏதாவது செய்ய முடியுமா?

---

நாடித்துடிப்பு

அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நீங்கள் சொன்ன அதே நிலைமையை, மரமா சுவரா என்பதை, ராஜர் உல்ரிச் 1984இல் ஆராய்ந்திருக்கிறார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகள். வயது, பாலினம் போன்றவை பொருந்த 23 இணைகள். ஒருவர் ஜன்னலில் மரங்கள், மற்றவர் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியில் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான். ஆனாலும் படுக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்பது பொருட்டே இல்லாத விஷயம் அல்ல என்று காட்டிவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது: அம்மா தலை வைத்திருக்கும் உயரத்துக்கு நீங்கள் குனிந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். நின்றபடி பார்க்கும் நமக்கு அது தெரியாது. சுவருக்கு மேல் ஒரு துண்டு வானமாவது கிடைத்தால் கட்டிலைத் திருப்பியோ தலைப்பக்கத்தை உயர்த்தியோ அதைப் பார்வைக்குள் கொண்டுவாருங்கள். கோணம் கிடைக்காவிட்டால் ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வானத்தையோ அடுத்த மரத்தையோ பிரதிபலிக்கச் செய்யலாம். நேர் வெயில் கண்ணில் அடிக்கிறதா என்று காலையும் மாலையும் சரிபாருங்கள். கண்ணாடி விழாதபடி சுவரில் இறுகப் பொருத்த வேண்டும். ஜன்னல் விளிம்பில் காற்றுக்கு ஆடும் இலை உள்ள செடி இரண்டு மூன்று வையுங்கள். அசைவுதான் கவனத்தை இழுக்கும், பிளாஸ்டிக் செடிக்கு அது கிடையாது. கட்டிலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. மணம் தூக்கலான பூக்கள் வேண்டாம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லை. தொட்டித் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள், கொசுவும் பூஞ்சையும் வரும்.

காலையில் அந்த அறைக்குள் வெளிச்சம் தாராளமாக வரட்டும், பகலில் திரையை விலக்கியே வையுங்கள், இரவில் விளக்கைத் தணியுங்கள். இரவுப் பதற்றத்துக்கு உடம்புக் கடிகாரம் குழம்பியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பகலும் இரவும் ஒரே மங்கலில் இருக்கும் அறையில் அது மேலும் குழம்பும். புதிதாகத் தொடங்கிய இரவுக் குழப்பம், ஆள் அடையாளம் தெரியாமை என்றால் அதைச் செடியால் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றிலிருந்து மருந்தின் பக்கவிளைவு வரை காரணம் இருக்கலாம்.

---

பச்சையம்

ஒலியைப் பற்றி ஒரு சேர்க்கை. பறவைக் குரலை 6 நிமிடம் ஹெட்போனில் கேட்டாலே பதற்றம் குறைந்தது என்று 2022இல் 295 பேரிடம் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. போக்குவரத்து இரைச்சலைக் கேட்டவர்களுக்கு மனச்சோர்வு கூடியது. அம்மாவுக்குக் காதில் மாட்ட வேண்டாம், கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். பேச்சுக் குரலைவிடக் கண்டிப்பாகத் தணிவாக. அரை நிமிடப் பதிவு திரும்பத் திரும்ப ஓடினால் மூளை அந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்துவிடும், பிறகு எரிச்சல்தான் மிஞ்சும். நீளமான, வெட்டாத பதிவாகத் தேடுங்கள். தண்ணீர் ஒலி சிலருக்குச் சிறுநீர் உணர்வைத் தூண்டும், படுக்கையில் இருப்பவருக்கு அது தொந்தரவு. பறவையும் காற்றும் பாதுகாப்பான தேர்வு. அவர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள், திணிக்கப்பட்ட ஒலி எதுவானாலும் இரைச்சல்தான்.

வேகநடையை விட வேண்டியதில்லை, காலைக்கு மாற்றுங்கள். காலையில் கார்டிசால் இயல்பாகவே உயரத்தில் இருக்கிறது, அப்போது உடம்பை முடுக்குவது அதன் போக்கோடு போவது. காலையில் முடியவே முடியாது என்றால் மாலையில் முதல் 20 நிமிடம் வேகம், 5 நிமிடம் படிப்படியாகக் குறைத்து, மிச்சம் 20 நிமிடம் உட்காருங்கள். வரிசையை மாற்றாதீர்கள், உட்காருவது கடைசியில் வர வேண்டும். வியர்வை காய ஒரு துண்டும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும், ஈரச் சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் குளிருக்கு உடம்பு மறுபடி இறுகும். அழைப்புகளைப் பூங்கா வாசலுக்கு வருமுன் பேசி முடித்துவிடுங்கள். கடைசி அழைப்புக்கும் உட்காருவதற்கும் நடுவே அந்த 25 நிமிட நடை வந்துவிடும்.

மழை நாளில் கூரையுள்ள திண்ணையோ பால்கனியோ போதும், இடி மின்னல் இருந்தால் மட்டும் மரத்தடிப் பக்கமே போக வேண்டாம்.